யார் கொடுக்கும் கடன் இது? சிறு வணிகருக்கான அரசாங்க ஆதரவுக் கடன் பற்றி ஓர் எளிய விளக்கம்

சிராங்கூன் சாலை வட்டாரத்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரே கேள்வி ஆண்டு முழுவதும் வெவ்வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும். “அண்ணே, கவர்மெண்ட் லோன் ஒன்று இருக்கிறதாமே, அதை எடுத்துத் தர முடியுமா?” கேட்பவர் பூக்கடைக்காரராக இருக்கலாம், இட்லி மாவு அரைத்து விற்கும் அக்காவாக இருக்கலாம், இரண்டு நாற்காலி போட்டு முடிதிருத்தும் கடை நடத்துபவராகவும் இருக்கலாம். அந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு, பதில் சொல்லத் தொடங்கும் முன்னர் அந்தப் பெயரையே திருத்த வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் இந்த வகைக் கடனுக்கு அரசாங்கம் தன் பெட்டியைத் திறந்து கடைக்காரர் கையில் பணம் கொடுப்பதில்லை. பணம் வங்கியுடையது, கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவும் வங்கியுடையது. அந்தப் பணம் திரும்பி வராமற்போனால் ஏற்படும் நட்டத்தில் ஒரு பங்கைத் தான் ஏற்பதாக அரசாங்கம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கும் வங்கிக்குக் கொடுக்கப்பட்டதே தவிர, கடன் வாங்குபவருக்குக் கொடுக்கப்பட்டதன்று. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால், மற்ற விதிமுறைகள் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பது தானாகவே விளங்கும்.

அரசாங்கம் இதில் தலையிட வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். முப்பதாயிரம் வெள்ளி கேட்டு வரும் ஒரு சாப்பாட்டுக் கடையையும், முப்பது இலட்சம் கேட்டு வரும் ஒரு கட்டுமான நிறுவனத்தையும் ஆராய்வதற்கு வங்கி அதிகாரி செலவிடும் நேரம் பெரிதாக வேறுபடுவதில்லை, ஆனால் முதல் கடனில் வங்கிக்குக் கிடைக்கும் வட்டி மிகச் சிறியது. பெரிய நிறுவனத்திடம் தணிக்கை செய்த கணக்கும் ஈடு வைக்கச் சொத்தும் இருக்கும். வாடகைக் கடைக்காரரிடம் அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும்தான் இருக்கும், அவற்றைப் பழைய விலைக்கு விற்றால் லாரிக் கூலிக்குக்கூடத் தேறுமோ என்னவோ. ஆகவே வங்கி பின்வாங்குவதற்குக் காரணம் பகையோ அலட்சியமோ அன்று. அதன் கணக்குப்படி சிறிய கடனில் வரவு குறைவு, நிச்சயமின்மை அதிகம். நல்ல முறையில் தொழில் செய்தும் வங்கியின் கை எட்டாமல் நிற்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வங்கிக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் அரசாங்கம் தோள் கொடுக்கிறது.

நம்மவர்களுக்கு இந்த இடைவெளி புதிதன்று. ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் எனப்பட்ட கடைவீடுகளில் செட்டியார்கள் பெட்டியடியில் அமர்ந்து கடன் கொடுத்தபோது, வாங்க வருபவரின் குணமும் அவருடைய தொழிலின் போக்கும் அவர்களுக்கு நேரடியாகத் தெரிந்திருந்தன. பின்னாளில் பலர் சீட்டுப் பிடித்து முதல் திரட்டினார்கள், இன்றும் நகையை அடகு வைத்துத் தீபாவளிச் சரக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கெல்லாம் ஆளைத் தெரியும் என்பதோ கையில் நகை இருக்கிறது என்பதோ ஈடாக நின்றது. வங்கிக்கு ஆளைத் தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் தாளில் இருப்பது மட்டுமே.

சிங்கப்பூரில் இப்போது இந்தத் தோள் கொடுக்கும் வேலையைச் செய்வது எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்னும் அரசாங்க அமைப்பு. ஸ்பிரிங் சிங்கப்பூர், ஐஇ சிங்கப்பூர் என்னும் இரண்டு அரசாங்க அமைப்புகள் இணைந்து 2018 ஏப்ரலில் இது உருவானது. அதுவரை தனித்தனியாக இருந்த பல கடன் திட்டங்களை ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்து, 2019 அக்டோபரில் நிறுவன நிதியாதரவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்கீழ் இயந்திரமும் கட்டடமும் வாங்குவதற்கு, ஏற்றுமதி இறக்குமதிக்கு, வெளிநாட்டுக் குத்தகைப் பணிகளுக்கு எனப் பிரிவுகள் பல உண்டு. சிறு கடைக்காரருக்குப் பொருந்துவது பெரும்பாலும் ஒன்றுதான். வாடகை, சம்பளம், சரக்கு போன்ற அன்றாடச் செலவுகளுக்கான நடைமுறை மூலதனக் கடன், அதாவது வங்கி அதிகாரிகள் வொர்க்கிங் கேப்பிட்டல் லோன் என்று சொல்வது. இதன் உச்சவரம்பு 500,000 வெள்ளி, திருப்பிச் செலுத்தும் காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். உச்சவரம்பு என்பது கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும் தொகை என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். மாதம் பதினைந்தாயிரம் வெள்ளிக்கு வியாபாரம் நடக்கும் கடைக்கு வங்கி அரை மில்லியனைத் தூக்கிக் கொடுக்காது. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி, மேபேங்க் முதலிய வங்கிகளும் சில நிதி நிறுவனங்களும் இந்தத் திட்டத்தில் பங்கேற்கின்றன. விண்ணப்பம் அவற்றிடமே போகிறது.

அரசாங்கம் ஏற்கும் பங்கு பொதுவாக 50 விழுக்காடு. தொடங்கி ஐந்தாண்டுக்கு உட்பட்ட இளம் நிறுவனங்களுக்கு, சில நிபந்தனைகளின் பேரில், அது 70 விழுக்காடு. இந்தப் பங்கு எப்போது, எந்தத் தொகையின்மீது கணக்கிடப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், ஆகவே அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒருவர் 60,000 வெள்ளி கடன் வாங்கி ஓர் உணவுக்கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் அசலில் 20,000 கட்டிய பிறகு, வாடகை ஏறி, ஆள் கிடைக்காமல், கடை மூடப்படுகிறது. மீதம் 40,000 நிற்கிறது. வங்கி உடனே எண்டர்பிரைஸ் சிங்கப்பூரிடம் போய் நிற்க முடியாது. வழக்கமான கடன் வசூலிப்பு நடவடிக்கைகள் அனைத்தையும், ஈடு ஏதேனும் இருந்தால் அதை விற்பது உட்பட, வங்கி முதலில் முடிக்க வேண்டும். கடிதம், வழக்கறிஞர் அறிவிப்பு, பிணை நின்றவரிடம் கேட்பது என்று எல்லாம் நடந்து, 10,000 வசூலானதாகக் கொள்வோம். வசூலாகாத 30,000 வெள்ளியின் மீதுதான் பங்கு கணக்கிடப்படும். 50 விழுக்காடு என்றால் அரசாங்கம் 15,000, வங்கி 15,000. இளம் நிறுவனமாக இருந்து 70 விழுக்காடு என்றால் அரசாங்கம் 21,000, வங்கி 9,000. இந்தக் கணக்கில் கடைக்காரரின் பொறுப்பு எங்கே குறைந்தது? எங்கும் குறையவில்லை. கடன் வாங்கியவர் நூற்றுக்கு நூறு விழுக்காடும் திருப்பிச் செலுத்தப் பொறுப்பானவர் என்று திட்டத்தின் விதிமுறையே தெளிவாகச் சொல்கிறது. “பாதியை கவர்மெண்ட் கட்டிவிடும்” என்று யாராவது சொன்னால், அவர் வங்கிக்கு உரிய வாக்கைக் கடைக்காரருக்கு உரியதாக மாற்றிச் சொல்கிறார் என்று பொருள்.

அப்படியானால் அரசாங்கம் முழு நட்டத்தையும் ஏற்றுக்கொண்டால் வங்கிகள் இன்னும் தாராளமாகக் கொடுக்குமே என்று கேட்கத் தோன்றும். கொடுக்கும்தான். ஆனால் தன் பணம் ஒரு காசும் போகாது என்று தெரிந்த வங்கிக்கு, யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்ப்பதில் அக்கறை போய்விடும். கட்ட முடியாதவருக்கும் கடன் கிடைக்கும், இறுதியில் வரிப்பணம் கரையும், கடைக்காரரும் மூழ்குவார். வங்கியையும் நட்டத்தில் ஒரு பங்குக்குப் பொறுப்பாக்கி வைப்பதன் காரணம் இதுவே. இந்த அளவுகோலை எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்பதைக் கிருமித்தொற்றுக் காலத்தில் நாம் கண்டோம். 2020ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தற்காலிக இடைக்காலக் கடன் திட்டம் முதலில் சுற்றுலாத் துறைக்கு மட்டும் என்றிருந்து, பிறகு எல்லாத் துறைகளுக்கும் விரிவானது. உச்சவரம்பு 5 மில்லியன் வெள்ளிக்கு உயர்ந்தது, வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதியிலிருந்து அரசாங்கத்தின் பங்கு 90 விழுக்காடாக இருந்தது. அப்போதுகூட மீதி 10 விழுக்காட்டை வங்கியின் தலையில் விட்டுவைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று 5 விழுக்காட்டுக்குள் வாங்கிப் பழகியவர்கள் இன்று வங்கி சொல்லும் வட்டியைக் கேட்டுத் திகைப்பதற்குக் காரணம், அந்த வரம்பு அந்தத் திட்டத்தோடு போய்விட்டது என்பதே. இப்போதைய நடைமுறை மூலதனக் கடனில் வட்டியை ஒவ்வொரு வங்கியும் தன் மதிப்பீட்டின்படி தானே தீர்மானிக்கிறது.

அடுத்து, வாய்ப்புக் குறைந்தவர்கள் என்று யாரைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது. இது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 1953இல் அமைக்கப்பட்ட சிறு வணிக நிர்வாக அமைப்பு 150,000 டாலர் வரையிலான கடன்களுக்கு 85 விழுக்காடு வரையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 75 விழுக்காடு வரையும் வங்கிகளுக்கு உத்தரவாதம் தருவதைத் தன் முதன்மைத் திட்டமாகக் கொண்டிருக்கிறது. வருமானம் குறைந்த வட்டாரங்கள் போன்ற, வங்கிகள் எட்டிப் பார்க்காத இடங்களுக்கென்றே 2011இல் ஒரு தனித் திட்டத்தையும் அது தொடங்கியது. இந்தியாவில் 2015இல் வந்த முத்ரா திட்டம் தெருவோர வியாபாரி வரை இறங்கி, ஈடு கேட்காமல் கடன் கொடுக்க வழிசெய்தது. பக்கத்து மலேசியாவில் டெக்குன் நேஷனல் என்னும் அமைப்பின்கீழ் இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்றே ஸ்புமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. ஜோகூரில் உறவினர் இருப்பவர்கள் அதைக் கேள்விப்பட்டு, இங்கேயும் இந்தியர்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா என்று கேட்பதுண்டு. இங்கே நிறுவன நிதியாதரவுத் திட்டத்தின் நிபந்தனைகளில் இனம் இல்லை. நிறுவனத்தின் அளவும் வயதும் பங்குரிமையும்தான் பார்க்கப்படுகின்றன. ஆண்டு வருவாய் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத அல்லது பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யாத மிகச் சிறிய நிறுவனங்களுக்கு 100,000 வெள்ளி வரை குறுங்கடன் கொடுத்த ஒரு பழைய திட்டமும் இதே முறையில்தான் இயங்கியது. இது நியாயமா இல்லையா என்ற விவாதத்துக்கு இடம் உண்டு. ஒரு வேட்டிக்கடை என்பதற்காகச் சலுகை கிடைக்காவிட்டாலும், புதிய கடை என்பதற்காக 70 விழுக்காட்டுப் பாதுகாப்பு வங்கிக்குக் கிடைக்கும் என்பதே இங்குள்ள நிலை.

தகுதி நிபந்தனைகளில் நம்மவர்கள் இடறி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது பங்குரிமை. நிறுவனம் சிங்கப்பூரில் பதிவாகி இங்கேயே இயங்க வேண்டும் என்பதோடு, அதன் பங்குகளில் குறைந்தது 30 விழுக்காடு சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்து, பிறகு சொந்தமாக நிறுவனம் தொடங்கிய பலர் இங்கேதான் நிற்கிறார்கள். பெயருக்கு ஒரு உள்ளூர் நண்பரைப் பங்குதாரராகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. தெரிந்தே பொய்யான விவரம் கொடுத்துக் கடன் பெறுவது குற்றம் என்பது ஒரு பக்கம். தாளில் உண்மையாகவே அந்த நண்பர் உரிமையாளர் ஆகிவிடுகிறார் என்பது மறுபக்கம். நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் அந்த 30 விழுக்காடு அவருடையதுதான்.

இரண்டாவது பதிவு. அடையாள அட்டையில் உள்ள தம் முழுப் பெயரிலேயே தொழில் செய்பவர்களும், உரிமம் பெற்ற உணவங்காடிக்காரர்களும் அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்யத் தேவையில்லை என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. வீட்டிலிருந்து முறுக்கு சுற்றி விற்கும் ஓர் அம்மா பத்தாண்டுகள் நாணயமாகத் தொழில் நடத்தியிருந்தாலும், அந்த விலக்கில் இருந்துவிட்டதால், வங்கியின் பார்வையில் அவருக்கு நிறுவன எண்ணும் இல்லை, வயதும் இல்லை. கடன் தேவைப்படும் நாளில் பதிவு செய்தால், அன்றுதான் பிறந்த நிறுவனமாக அது கருதப்படும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தொழிலைப் பெருக்கும் எண்ணம் உள்ளவர் இன்றே பதிவு செய்துவிடுவது நல்லது.

தகுதி இருந்தாலும் கடன் கிடைப்பது வங்கி எதைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. அதிகாரி முதலில் புரட்டுவது நிறுவனத்தின் வங்கிக் கணக்கு அறிக்கை, பெரும்பாலும் கடைசி ஆறு மாதத்துக்கு உரியது. பிறகு இரண்டாண்டு வரவுசெலவுக் கணக்கு, உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் வரி மதிப்பீட்டுக் கடிதம், இயக்குநரின் தனிப்பட்ட கடன் வரலாறு. ஒரு கடையின் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும், கைப்பேசி வழி பணம் அனுப்பும் பேநவ் எண் முதலாளியின் சொந்தக் கைப்பேசி எண். வாடிக்கையாளர் கட்டும் ஐந்து வெள்ளியும் ஆறு வெள்ளியும் அவருடைய சொந்தக் கணக்கில் விழுகின்றன. அதே கணக்கிலிருந்து மகளின் துணைப்பாட வகுப்புக் கட்டணம் போகிறது, ஊருக்கு அனுப்பும் பணம் போகிறது, காய்கறி மொத்த வியாபாரிக்கும் போகிறது. ரொக்கமாக வந்தது பிஸ்கட் டின்னில் இருந்து அப்படியே சரக்குக்குச் செலவாகிவிடுகிறது. நாளொன்றுக்கு எண்ணூறு வெள்ளி வியாபாரம் நடக்கும் அந்தக் கடை, நிறுவனக் கணக்கின் தாளில் மாதம் நாலாயிரம் வெள்ளிக் கடையாகத் தெரிகிறது. வாங்கக்கூடிய கடனும் அந்த நாலாயிரத்துக்கு ஏற்பத்தான் அமையும். நிறுவன எண்ணின் பெயரில் ஒரு கியூஆர் குறியீட்டை வாங்கி ஒட்டுவதும், ரொக்கத்தை வாரம் ஒருமுறையாவது நிறுவனக் கணக்கில் கட்டுவதும் பெரிய காரியங்கள் அல்ல. ஆனால் இவற்றைச் செய்து ஆறு மாதம் கழித்து விண்ணப்பிப்பவரின் நிலை முற்றிலும் வேறு. வரி குறையும் என்று வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர்களும் இந்த இடத்தில்தான் அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

தனிப்பட்ட கடன் வரலாற்றை சிங்கப்பூர் கடன் தகவல் நிலையம் தொகுத்து, ஏஏ முதல் எச்எச் வரை தரம் பிரிக்கிறது. கடன் அட்டை பாக்கியைத் தாமதமாகக் கட்டியது அதில் தெரியும். குறுகிய காலத்தில் ஐந்தாறு வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்திருந்தால் அந்த விசாரணைகளும் பதிவாகியிருக்கும், அவை அவசரத்தின் அடையாளமாகக் கருதப்படும். ஒரு வங்கி மறுத்தால் காரணத்தைக் கேட்டு, குறையைச் சரிசெய்து, அடுத்த வங்கிக்குப் போவதே முறை.

வட்டி பற்றியும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 60,000 வெள்ளியை ஐந்து ஆண்டுகளுக்கு 8 விழுக்காட்டில் வாங்குவதாகக் கொள்வோம். குறையும் நிலுவையின் மேல் வட்டி கணக்கிடப்பட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 1,217 வெள்ளி, மொத்த வட்டி சுமார் 13,000. அதே 8 விழுக்காடு, முழு அசலின் மேலும் ஐந்தாண்டும் மாறாமல் கணக்கிடப்படும் ஃபிளாட் ரேட் முறையில் இருந்தால், தவணை 1,400, மொத்த வட்டி 24,000. உண்மையில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 14 விழுக்காட்டு வட்டி. இரண்டு தாள்களிலும் 8 என்றே அச்சிட்டிருக்கும். “எஃபெக்டிவ் ரேட் எவ்வளவு, முதல் நாள் கட்டணம் எவ்வளவு?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், அதிகாரி கோபித்துக்கொள்ள மாட்டார். 

விண்ணப்பத்தை நிரப்பத் தரகர் தேவையில்லை. வங்கிக்கு நேராகப் போகலாம், பெரும்பாலான வங்கிகளில் இணையத்திலேயே நிரப்பலாம். ஆங்கிலப் படிவத்தைக் கண்டு தயங்குபவர்கள், 1924இல் தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையில் இயங்கும் சிறிய, நடுத்தர நிறுவன நிலையத்துக்குக் கணக்குத் தாள்களுடன் போனால், ஆலோசகரிடம் இலவசமாகப் பேசலாம். எந்தத் தேவைக்குக் கடன், எந்தத் தேவைக்கு மானியம் என்று பிரித்துச் சொல்வதும் அவர்கள் வேலை. மென்பொருளோ கருவியோ வாங்கும் செலவில் ஒரு பகுதியை அரசாங்கமே தரும் மானியங்கள் தனியாக உள்ளன, அவற்றைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. “அரசாங்கக் கடன் உங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது” என்று கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பவே கூடாது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கள்கூடக் குறுஞ்செய்தி மூலம் ஆள் பிடிக்க இங்கே அனுமதி இல்லை, ஆகவே அப்படி வருவது யாரிடமிருந்து என்று ஊகிப்பது கடினமன்று.

வங்கி ஒப்புக்கொண்டால் கடன் கடிதம் ஒன்று வரும். அதில் தொகையும் வட்டியும் முதல் பக்கத்தில் இருக்கும், பிணை பற்றிய பகுதி பின்னால் இருக்கும். ஈடு கேட்காத கடன் என்றாலும், இயக்குநர்கள் தனிப்பட்ட முறையில் பிணை நிற்க வேண்டும் என்று வங்கிகள் வழக்கமாகக் கேட்கின்றன. நிறுவனம் வேறு, நான் வேறு என்ற சட்டப் பாதுகாப்பு அந்தக் கையெழுத்தோடு, அந்தக் கடன் அளவுக்கு, நீங்கிவிடும். தனி உரிமையாளர் நடத்தும் கடைக்கு அந்தப் பாதுகாப்பு தொடக்கத்திலிருந்தே கிடையாது. குறைந்தது ஒரு சிங்கப்பூர்க் குடிமகனாவது உரிமையாளராக உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையும், மத்திய சேமநிதிச் சேமிப்பையும் இத்தகைய கடனுக்காகக் கைப்பற்ற முடியாது. ஆனால் நிலுவை 15,000 வெள்ளியை எட்டினாலே நொடிப்பு வழக்குத் தொடரலாம். பிணைப் பத்திரத்தில் “கூட்டாகவும் தனித்தனியாகவும்” என்ற பொருள்தரும் ஒரு சொற்றொடர் இருக்கும். இரண்டு பேர் கையெழுத்திட்டால் ஆளுக்குப் பாதி என்று அதற்குப் பொருளில்லை, இருவரில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று பொருள். கணவர் நடத்தும் கடைக்குப் பெயரளவில் இயக்குநராக இருக்கும் மனைவியிடம், வங்கி மேசையில், “இங்கே ஒரு சைன் போடுங்கம்மா” என்று நீட்டப்படும் தாள் பெரும்பாலும் அதுதான். அதன் படி ஒன்றை முன்னதாகக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், இருவரும் உட்கார்ந்து படித்துவிட்டு மறுநாள் கையெழுத்திடலாம்.